மலைக்காட்டிலிருந்து முகத்துவாரம் வரை: மட்டக்களப்பு வாவியைச் சுற்றிய உயிர்கள்

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' என்று அழைக்கிறோம். முழுநிலா இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் ஓசையே அப்பெயருக்குக் காரணம். அதை எழுப்புவது மீனா, சிப்பியா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் இந்த வாவியின் உயிர்வளம் அந்த ஓசையோடு முடிந்துவிடுவதில்லை. மேற்கே மலைக்காடுகள் வரை அது நீள்கிறது.

சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரம் எழுவான்கரை, வயலும் காடும் சார்ந்த மறுகரை படுவான்கரை. பாலமீன்மடு அருகிலுள்ள முகத்துவாரமும் தெற்கே பெரியகல்லாறும் வாவியைக் கடலோடு இணைக்கின்றன. கோடையில் மணல்மேடு வாயை மூடிவிடும். மாரியில் அது திறக்கும்போது கடல்நீர் உள்ளே வரும். அதோடு இறால் குஞ்சுகளும் வரும்.

கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களே இறால், நண்டு, கொடுவா போன்றவற்றின் குஞ்சுகளுக்குத் தொட்டில். நீர்க்காகம், கொக்கு, நாரை, கூழைக்கடா என்பன இரைதேடி வருகின்றன. முதலைகளும் உண்டு. இறால் பண்ணைகளுக்காகவும், போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணங்களுக்காகவும் கண்டல் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. எஞ்சியவற்றின் அருமையை 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரே பலர் உணர்ந்தனர்.

வாவிக்குத் தென்மேற்கே, அம்பாறைக்கு அப்பால், கல்லோயா தேசியப் பூங்கா இருக்கிறது. தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அதன் நீரேந்து பகுதியைக் காப்பதற்காக 1954இல் இப்பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பளவு சுமார் 25,900 ஹெக்டேயர். யானை, சிறுத்தை, மரை, புள்ளிமான், காட்டெருமை, காட்டுப்பன்றி ஆகியவை இங்கு வாழ்கின்றன. நீர்த்தேக்கத்தின் நடுவிலுள்ள தீவுகளுக்கு யானைகள் நீந்திச் செல்லும் காட்சியைப் படகிலிருந்தே பார்க்கலாம். புல்வெளிக் காடுகளில் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் செறிந்துள்ளன. பூங்காவின் எல்லையில், ரத்துகலையில் வேடர் சமூகத்தினர் வாழ்கின்றனர்.

மலையில் பெய்யும் மழை குளமாகி, வாய்க்காலாகி, வயலுக்கு வந்து, மிஞ்சியது வாவியில் சேர்கிறது. ஆகவே மேலே காடு அழிந்தால் கீழே வண்டல் படியும். வயலில் தெளிக்கும் கிருமிநாசினி மீனின் வயிற்றுக்குப் போகும். வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தை விரைவாக வெட்டுமாறு விவசாயிகள் கேட்பார்கள். நேரம் தவறி வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று மீனவர்கள் அஞ்சுவார்கள். இரு பக்கத்தாரின் வாழ்வாதாரமும் ஒரே நீரில்தான் தங்கியிருக்கிறது.

படுவான்கரை விவசாயிக்கு யானை சுற்றுலாக் காட்சியல்ல. பெரும்போக நெல் முற்றும் காலத்தில் வாடியில் கண்விழித்து, யானைவெடியுடன் காவல் இருப்பவர் அவர். 2011 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் நாடு முழுவதும் உயிரிழந்தனர். காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் 'ஹக்கபட்டாஸ்' வெடியைக் கடித்து, வாய் சிதைந்து, பல நாட்கள் பட்டினி கிடந்து சாகும் யானைக்குட்டிகளும் இக்கணக்கில் அடக்கம்.

மின்வேலி தேவைதான். ஆனால் அது எங்கே போடப்படுகிறது என்பதே முக்கியம். காட்டின் நடுவே போட்டால், வேலிக்கு இப்பாலும் யானைகள் நிற்கும். ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டு, ஊராரே பராமரிக்கும் வேலிகள் கூடிய பலன் தருகின்றன. அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றிவிட்டால் வைக்கோல் நிலத்தில் யானையும் மேயலாம்.

பூங்காவின் எல்லையைச் சட்டம் வரையறுக்கலாம். தண்ணீரும் யானையும் அந்த எல்லைக்குள் நிற்பதில்லை. காட்டையும் வயலையும் வாவியையும் தனித்தனித் திணைக்களங்கள் தனித்தனியே பார்க்கும்வரை, மாரியில் வெள்ளத்தையும் அறுவடையில் யானையையும் படுவான்கரை மக்களே தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கும்.