எருமைநாக்கும் ஹாலிபட்டும்: ஒரு தரைமீனின் பெயரும் உடலும்

கிளியனூர் கடற்கரை ஊர் அல்ல. கிழக்கே கழுவெளியைத் தாண்டித்தான் மரக்காணம் கரை. அங்குள்ள குப்பங்களிலிருந்து வரும் மீன்கூடையில் சங்கராவுக்கும் காரப்பொடிக்கும் அடியில் சில நாள் பழுப்பு நிறத் தட்டை மீன் ஒன்று கிடக்கும். கூடைக்கார அம்மா அதை எருமைநாக்கு என்பார். மீன்வள நூல்கள் இந்திய ஹாலிபட் என்கின்றன. இவ்விரண்டில் கூடைக்காரர் சொல்லும் பெயரே உயிரியலுக்கு நெருக்கமானது என்பது என் வாதம்.

ஹாலிபட் வடக்குக் கடல்களின் குளிர்ந்த அடிநீருக்கு உரியது. இரண்டு மீட்டருக்கு மேல் நீளும். 300 கிலோவைத் தாண்டியவையும் பிடிபட்டுள்ளன. மெல்ல வளர்ந்து, தாமதமாகவே முட்டையிடும் பருவம் எய்தி, பல பத்தாண்டுகள் வாழும். நம் மீனோ 60 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். பெரும்பாலும் 100 மீட்டருக்கு உட்பட்ட வெப்பநீரில், மணலும் சேறுமான தரையில் படுத்திருந்து சிறுமீன்களைப் பாய்ந்து கவ்வும்.

நீரின் சூடும் உடலின் அளவும் மட்டுமே வேறுபாடு என்றால் ஆங்கிலப் பெயரைப் பொறுத்துக்கொள்ளலாம். மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது முடியாது. வாயைப் பிளந்தால் கூரிய பற்கள் விரலைக் குத்தும். முதுகுத்துடுப்பைத் தடவினால் முன்பகுதி முள்ளாக உறுத்துகிறது. மற்றத் தட்டைமீன்களில் தலைமேல் ஏறிவிடும் அந்தத் துடுப்பு, இதில் கண்ணுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. தட்டைமீன் குஞ்சுகள் எல்லாம் பக்கத்துக்கொரு கண்ணுடன்தான் பிறக்கின்றன; வளரும்போது ஒரு கண் மறுபக்கத்துக்கு நகரும். எருமைநாக்கில் அந்தக் கண் தலையின் விளிம்போடு நின்றுவிடுகிறது. ஹாலிபட்டுக்குக் கண்கள் பெரும்பாலும் வலப்புறம். இதிலோ இடக்கண் மீனும் வலக்கண் மீனும் ஏறத்தாழச் சரிபாதி.

இவை தட்டைமீன் வம்சத்தின் அடிக்கிளையில் எஞ்சிய பழைய அடையாளங்கள். இத்தாலியின் போல்கா மலையில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களில் கண் பாதிவழியில் நின்றிருப்பதைத் தொல்லுயிரியலாளர் மேட் ஃபிரீட்மன் 2008இல் காட்டினார். அந்த நகர்வின் முழுமையாகாத கட்டத்தை நம் கரையில் உயிரோடு காட்டும் மீனை, வேறொரு குடும்பத்துக் குளிர்க்கடல் மீனின் பெயரால் அழைப்பது மாணவரைத் தவறான உறவுக்கு இட்டுச்செல்கிறது.

உண்மையில் அறிவியலே முதலில் தமிழ்ப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி பெர்லினில் இருந்த மீனியலாளர் மார்கஸ் பிளாக்குக்கு மீன்களை அனுப்பிவந்தார். கத்தலை மீன்களின் ஜோனியஸ் என்ற பேரினப் பெயர் ஜானைச் சிறப்பிக்க வைத்தது. பிளாக் 1799இல் மறைந்தபின் அவர் நூலை ஷ்னைடர் என்ற அறிஞர் முடித்து 1801இல் வெளியிட்டார்; அதில் தரங்கம்பாடியின் இந்த மீன் ‘எருமெய்’ என்று பதிவானது. பேரினம் பின்னர் செட்டோடஸ் என மாறியும் அந்தச் சொல் மாறவில்லை. நாக்கு உதிர்ந்து எருமை மட்டும் லத்தீனில் நிலைத்துவிட்டது.

மீனவர் பெயரும் உருவத்தைப் பார்த்து வைத்ததுதானே, அதில் என்ன உயிரியல் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் நாக்கு என்ற சொல் இதைத் தட்டைமீன் கூட்டத்துக்குள் சரியாகவே வைக்கிறது; எருமை என்ற அடை, மெலிந்த மற்ற நாக்குமீன்களிலிருந்து பருத்த இதைப் பிரிக்கிறது. இல்லாத உறவு எதையும் அப்பெயர் கோரவில்லை.

இதில் நடைமுறைக் கவலையும் எனக்கு உண்டு. இம்மீன் படுத்திருக்கும் தரையைத்தான் விசைப்படகின் இழுவலை வாரிச்செல்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்து முதல் படகுகள் கரை சேரும்போது எருமைநாக்கை மற்ற நாக்குகளோடு குவிக்காமல் தனியே எண்ணி, நீளம் அளந்து எழுதவேண்டும். கூடையிலேயே அதைப் பிரித்துப் பெயர் சொல்பவர்களை அந்த வேலைக்கு அழைக்கலாம்.