எடைக் குறைப்பு அறுவைக்குப் பிந்தைய தலைசுற்றல்

உடல் பருமனுக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் போன்ற அறுவை சிகிச்சைகளுக்குப் பின் பலருக்கு ஏற்படும் கிறுகிறுப்பு, கண் இருட்டல், மயக்க உணர்வு ஆகியவற்றை இது குறிக்கும். இது தனி நோயன்று. எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கொண்டே காரணத்தைப் பெரும்பாலும் அறியலாம்.

வரலாறு

எடைக் குறைப்பு அறுவை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தத் தொல்லை மருத்துவர்களுக்கு அறிமுகமாகிவிட்டது. அக்காலத்தில் இரைப்பைப் புண்ணுக்கு இரைப்பையைச் சிறுகுடலுடன் நேரே இணைத்துத் தைப்பது வழக்கம். அவ்வாறு தைக்கப்பட்டவர்கள் உண்டபின் படும் அவதியை 1913இல் லண்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ட்ஸ் விவரித்தார். உணவு மிக விரைவாகக் குடலுக்குள் இறங்குவதே காரணம் என்றார். இவரே பின்னாளில் ஆர்தர் ஹர்ஸ்ட் என்ற பெயரில் புகழ்பெற்றவர். 1922இல் அமெரிக்கரான சார்லஸ் மிக்ஸ் எக்ஸ்ரே வழியாக இதைக் கண்டு 'டம்பிங்' என்ற பெயரை வழங்கினார்.

புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதி நீக்கப்பட்டவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்த எட்வர்டு மேசன், 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தில் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். எடையைக் குறைத்த அந்த வழியோடு பழைய டம்பிங் தொல்லையும் புதிய நோயாளிகளுக்கு வந்துசேர்ந்தது.

காரணங்கள்

உண்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் வருவது முன்டம்பிங். பாயசம், பழச்சாறு போன்ற செறிந்த இனிப்பு குடலில் இறங்கியதும் இரத்தத்திலுள்ள நீரை அது குடலுக்குள் இழுக்கிறது. இரத்த அளவு குறைந்து படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, கிறுகிறுப்பு உண்டாகின்றன.

1 முதல் 3 மணி நேரம் கழித்து வருவது பின்டம்பிங். இன்சுலின் மிகையாகச் சுரந்து சர்க்கரை தாழ்ந்துவிடும். பைபாஸுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ கழித்தும் இது தொடங்கலாம். கணையத்தின் இன்சுலின் செல்கள் பெருகிவிடுவதே காரணம் என 2005இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் கருதினர். குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு என இப்போது கருதப்படுகிறது.

உணவோடு தொடர்பின்றி, எழுந்து நிற்கும்போது மட்டும் வருவது இரத்த அழுத்தத் தாழ்வு. நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ இறங்கினால் அது உறுதி. நீர் போதாமை முதற்காரணம். எடை குறைந்த பின்னும் பழைய அளவிலேயே தொடரும் இரத்த அழுத்த மாத்திரை இரண்டாவது. இதை மறப்பவர் மிகப் பலர். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவுகளையும் மருத்துவர் புதிதாகக் கணக்கிட வேண்டும். மாதங்கள் கழித்து மெல்ல வரும் சோர்வுடன் கூடிய கிறுகிறுப்புக்கு இரும்புச்சத்து, வைட்டமின் பி12 குறைபாடு காரணமாகலாம்.

சமாளிக்கும் முறை

சுருங்கிய இரைப்பையில் ஒரு டம்ளர் நீரை ஒரே மூச்சில் குடிக்க இயலாது. பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு மிடறு மிடறாக நாளுக்கு 1.5 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கச் சொல்வார்கள். சாப்பாட்டுடன் தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்தே குடிக்கலாம். முட்டை, மீன், பருப்பு முதலில். சோறு பிறகு, சிறிதளவே. படுக்கையிலிருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக் கணுக்காலைச் சிலமுறை மடக்கி நீட்டி, பிறகு நிற்க வேண்டும். கண் இருட்டினால் உடனே படுத்துக் காலை உயர்த்த வேண்டும். மயக்கம் வரும் நேரத்திலேயே விரல் நுனியில் சர்க்கரை பார்த்துக் குறித்துவைப்பது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். உணவு மாற்றம் போதாதபோது அகார்போஸ், ஆக்ட்ரியோடைடு ஆகிய மருந்துகள் தரப்படுகின்றன.

அபாய அறிகுறிகள்

அறுவையை அடுத்த நாட்களில் கிறுகிறுப்புடன் வேகமான நாடித்துடிப்போ கருநிற மலமோ கண்டால் உள் இரத்தக்கசிவை ஐயுற வேண்டும். ஓயாத வாந்தியுடன் நடை தள்ளாடினாலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அது தயமின் (பி1) குறைபாடாக இருக்கலாம். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிலைத்துவிடும். இவர்களுக்குத் தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலை மோசமாகலாம். எனவே அவசரப் பிரிவுக்குச் செல்பவர்கள், தமக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்திருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.