முகத்துக்கு முன்னால் கழி

ஆறு கடலோடு சேரும் இடத்துக்குப் பழந்தமிழில் புகார் என்று ஒரு பெயர் உண்டு. புகு என்னும் வினையை அதன் அடியாகக் கொள்வர். காவிரி கடல்புகும் பட்டினத்துக்கு அது பெயராயிற்று. சிலப்பதிகாரத்தின் முதற் காண்டமும் அப்பெயரைத் தாங்கியது. ஆறு கடலுக்குள் புகுகிறது என்றே நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். நம் கரைகளில் கடலும் நாளுக்கு இருமுறை ஆற்றுக்குள் புகுகிறது. அதுவே ஓதம். உப்புநீர் கனமானது; ஏறும்போது நன்னீருக்கு அடியில் ஆப்புப்போல் நுழையும். உப்புப் பட்டதும் ஆற்றின் நுண்களிமண் திரண்டு படியும். வற்றும் நீர் அதில் ஒரு பங்கை அரித்துக்கொண்டு போகும்.

பாடநூல்கள் இந்த இடத்தைப் பொங்குமுகம் என்கின்றன. நர்மதைக்கும் தபதிக்கும் அது பொருந்தும். அவை சேரும் காம்பே வளைகுடாவில், பவநகர் அருகே, பெருஓத நாட்களில் நீர் ஏறக்குறைய 10 மீட்டர் ஏறி இறங்கும். அத்தகைய விசை வண்டலைத் தங்கவிடாது. அதனால் அங்கே காவிரிக்கு அமைந்ததுபோன்ற டெல்டா அமையவில்லை.

சென்னையில் ஓதம் 1 மீட்டர் அளவுதான். தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. மழைவெள்ளம் வடிந்தபின் அடையாற்றின் வாயில் அந்த மணல் திட்டாகக் குவிகிறது. இதற்கு வாய்த்த சொல் முகத்துவாரம். துவாரம் என்றால் வாயில். திறப்பதும் அடைபடுவதும் வாயிலின் இயல்பு. களனி கங்கை கடல்சேரும் வடகொழும்புப் பகுதிக்கும் முகத்துவாரம் என்றே பெயர். குமரிக் கரையிலோ பொழிமுகம் என்பார்கள்.

அடைபடும் வாயிலைத் திறந்து வைப்பது எது? கழிமுகம் என்ற சொல்லைப் பிரித்தால் விடை கிடைக்கும். கழி என்பது உள்ளே பரந்து கிடக்கும் உப்பங்கழி; நெய்தல் பாட்டுகளின் நிலம். ஓதம் ஏறும்போது கழி எவ்வளவு நீரை வாங்குகிறதோ, வற்றும்போது அவ்வளவும் வாய்வழியே திரும்பும். அந்த ஓட்டம்தான் மணலை வாரி வெளியே தள்ளுகிறது. கழியைத் தூர்த்து மனையாக்கினால் நீருக்குத் தங்க இடமில்லை; ஓட்டம் தளரும்; மணல் வெல்லும். பிறகு இயந்திரத்தைக் கொண்டு வாயைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நாம் முகத்தைத் தோண்டுகிறோம். சொல்லோ, முகத்துக்கு முன்னால் கழியை வைத்திருக்கிறது.