வாசல் கடந்த பணிவிடை: வேலூர்ச் செவிலியர் மரபும் ஊர்நலமும்

முன்னுரை

அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், கட்டிலருகே நிற்கும் செவிலியரைத் தமிழர்கள் 'சிஸ்டர்' என்றே கூப்பிடுகிறார்கள். கூப்பிடுபவர் எந்த மதம், வருபவர் எந்த மதம் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அச்சொல் பிறந்த இடம் கன்னிமடம். ஐரோப்பாவில் நோயாளிகளைப் பேணிய துறவியரைக் குறித்த அது, இங்கிலாந்தின் வார்டுகள் வழியாக நம் ஊர் வார்டுகளுக்கு வந்து சேர்ந்தது. தொழில் எல்லோருக்கும் பொதுவான பிறகும் அதன் சமயப் பிறப்பு பெயரில் தங்கிவிட்டது.

அந்தப் பிறப்பு செவிலியப் பணிக்கு எதைக் கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு இங்கே விடை தேடப்படுகிறது. பக்தியும் தொண்டுள்ளமும் கொடுத்தது என்பது வழக்கமான விடை. அதைவிட முக்கியமான ஒன்றையும் கொடுத்தது: அயலார் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போக ஒரு பெண்ணுக்கு வேண்டியிருந்த சமூக அனுமதி. ஊர்நலப் பணி என்று இன்று நாம் சொல்வது அந்த அனுமதியின் மேல் எழுந்ததுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திண்டிவனத்தில் ஓர் இரவு

அக்கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் குடும்பத்துக்கும் தமிழ் மண்ணுக்குமான உறவு பழையது. அமெரிக்க மிஷனரி மருத்துவரான மூத்த ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவம் பார்த்தார். 1836இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். அவருடைய பேத்தி ஐடா 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைக் கவனிக்க 1890இல் திண்டிவனம் திரும்பியபோது, இங்கே நிலைத்துவிடும் எண்ணம் அவருக்கு இல்லை.

அந்த ஆண்டுகளில் ஓர் இரவு மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். அவர் வரத் தயார். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று மூவருமே ஐடாவைத்தான் அழைத்தார்கள். ஐடாவோ மருத்துவம் படித்திருக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

ஐடாவின் வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சியாக இது பலமுறை சொல்லப்பட்டுள்ளது. ஒரு சமூகத்தின் நோய்க்குறியாகவும் இதைப் படிக்க வேண்டும். அன்று அவ்வூரில் மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது. பேறுகால அறைக்குள் நுழையத் தக்க, பயிற்சி பெற்ற ஒரு பெண் மட்டும் இல்லை. மூன்று வெவ்வேறு சமூகங்கள் ஒரே தடையில் முட்டிக்கொண்டு நின்றன.

தொடுவதற்கு யார்?

ஐடா 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். மனைவியின் நினைவாக நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் அளித்த 10,000 டாலரில், 1902இல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 40 படுக்கைகளுடன் எழுந்தது. கட்டடம் வந்ததும் அடுத்த கேள்வியும் வந்தது: படுக்கையில் கிடப்பவர்களை யார் பார்த்துக்கொள்வது?

அன்றைய சமூகத்தில் இரத்தம், சீழ், மலம், பிரசவக் கழிவு எல்லாமே தீட்டு. பிரசவம் பார்த்த மருத்துவச்சியர் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்கள். கைராசிக்காரி என்று போற்றப்பட்டாலும் சாதிப்படியில் கீழேதான் வைக்கப்பட்டார்கள். அயல் ஆணின் உடலைத் தொட்டு, இரவில் வெளியில் தங்கி, கூலி பெறும் வேலைக்கு மகளை அனுப்ப எந்தக் 'கௌரவமான' குடும்பமும் முன்வரவில்லை. ஐடாவின் தொடக்க ஆண்டுகளில் அவருக்குக் கைகொடுத்த சலோமி என்னும் உள்ளூர்ப் பெண் எந்தப் பள்ளியிலும் இதைப் படித்தவரல்ல. பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

1909இல் டீலியா ஹௌட்டன் தலைமையில் அங்கே செவிலியர் பள்ளி தொடங்கியது. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவப் பெண்கள். மதம் மாறிய குடும்பங்களில் தீட்டுக் கணக்கு ஓரளவு தளர்ந்திருந்தது; பெண்கல்விக்கு மிஷன் பள்ளிகள் இருந்தன; மணமாகாத பெண் வெளியில் தங்குவதற்குக் காவலுள்ள விடுதி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வேலைக்குப் புதிய பொருள் கிடைத்தது. புண்ணைக் கழுவுவது இழிதொழில் அல்ல, இறைபணி. வெள்ளைச் சீருடை அணிந்த பெண்ணை ஊர் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியதற்கு இந்தப் பொருள்மாற்றமே காரணம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியச் செவிலியருள் 90 விழுக்காட்டினர் கிறித்தவர்கள், அவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் மிஷன் மருத்துவமனைகளில் பயின்றவர்கள் என்ற கணிப்பை வரலாற்றாசிரியர்கள் பரவலாக எடுத்துக்காட்டுகிறார்கள். தென்னிந்தியச் செவிலிய வரலாற்றை ஆராய்ந்த மீரா ஆபிரகாம் தம் நூலுக்கு 'மதம், சாதி, பாலினம்' என்ற மூன்று சொற்களைத் தலைப்பாக்கியது இதனால்தான். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை விளக்க முடியாது.

நம்பிக்கை பூட்டிய கதவு

நம்பிக்கை எல்லாக் கதவுகளையும் திறந்துவிடவில்லை. கத்தோலிக்கத் துறவியர் பிரசவ மருத்துவம் பார்ப்பதைத் திருச்சபைச் சட்டமே நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. திண்டிவனத்தில் நடந்தது போன்ற சாவுகள் துணைக்கண்டம் முழுவதும் நடந்துகொண்டிருந்தபோது, நோயாளிகளுக்காகவே வாழ்வைக் கொடுத்த கன்னியர் பேறுகால அறைக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. அக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்டிஷ் பெண் மருத்துவர் இத்தடையை நீக்கும்படி ரோமுக்குத் தொடர்ந்து முறையிட்டார். அவரால் தூண்டப்பட்ட அன்னா டெங்கல் 1925இல் மருத்துவ மிஷன் சகோதரிகள் அமைப்பைத் தொடங்கினார். 1936இல்தான் ரோம் இசைந்தது. சமயம் தந்த அனுமதிக்கும் போராட்டம் தேவைப்பட்டது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

மருத்துவ மிஷன்களின் நோக்கத்தில் மதப்பரப்பலும் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மக்கள் மருந்தை ஏற்றார்கள். மதத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அப்படியிருந்தும் செவிலியரை நம்பினார்கள். எனவே, அந்த நம்பிக்கை கைப்பட்ட பணிவிடையால் வந்தது என்று கொள்வதே பொருந்தும்.

மரத்தடியிலிருந்து பட்டத்துக்கு

மருத்துவமனைக்கு வரமுடியாதவர்களைத் தேடிப் போவது வேலூரில் தொடக்கத்திலேயே வழக்கமாயிற்று. வாரம் ஒருமுறை குடியாத்தம் சாலையில் மருந்துப் பெட்டிகளுடன் வண்டி புறப்படும். பின்னாளில் ஒரு சிறிய பூஜோ கார் வந்தது. குறித்த மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். ஊரார் ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளும் அங்கே வந்தார்கள். மருத்துவர் நாடி பார்த்து நகர்ந்த பிறகு, புண்ணைக் கழுவிக் கட்டவும் மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று பொறுமையாகச் சொல்லவும் இன்னொருவர் வேண்டும். ஊர்நலச் செவிலியம் தமிழ்நாட்டில் விட்ட வேர்களுள் ஒன்று இந்தச் சாலையோரத்தில் இருக்கிறது.

தொண்டு மெல்ல மெல்லத் தொழிலாயிற்று. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பதிவு முறை ஏற்பட்டது. 1946இல், போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசு நலவாழ்வுக் குழுவின் அறிக்கை வெளிவந்தபோது, நாட்டில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருந்தார். அதே 1946இல் இந்தியாவின் முதல் நான்காண்டுச் செவிலியப் பட்டப்படிப்பு டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. வேலூரில் அதற்காக முன்னின்று உழைத்தவர் வீரா பிட்மன். மறு ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. பெண்ணை வார்டுக்குள் அழைத்து வர ஒரு காலத்தில் சமயம் தேவைப்பட்டது. இப்போது பாடத்திட்டமும் பட்டமும் சட்டமும் அந்த வேலையைச் செய்யத் தொடங்கின.

கணியம்பாடியின் குறிப்பேடு

சாலையோர மரத்தடி, நோயாளி வரும்வரை காத்திருந்தது. அடுத்த கட்டத்தில் செவிலியர் நோய் வருமுன்பே வீட்டுக்குப் போனார். வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் கல்லூரியின் சமூகநலத் துறை நான்கு படிகளாகப் பணியை அமைத்தது. முதற்படியில் அந்தந்த ஊரையே சேர்ந்த நலப்பணியாளர், அவருக்கு மேல் நல உதவியாளர், பிறகு பொதுநலச் செவிலியர், இறுதியில் மருத்துவர். ஊரில் யார் கருவுற்றார், எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, யார் இறந்தார் என்ற செய்தி வாரந்தோறும் மேலே சென்றது. 1977இல் கே.வி. குப்பம் ஒன்றியத்தில் தொடங்கிய ருஷா திட்டம், உடல்நலத்தோடு பிழைப்பையும் கல்வியையும் சேர்த்துப் பார்த்தது.

இப்பதிவின் பயனைக் காட்ட ஒரு சான்று போதும். கணியம்பாடியில் 1994 முதல் 1999 வரை நிகழ்ந்த இறப்புகளை ஆபிரகாம் ஜோசப் குழுவினர் ஆராய்ந்து, 2003இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டனர். ஆண்டுக்கு 1,00,000 பேரில் ஏறத்தாழ 95 பேர் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டனர் என்று அது காட்டியது. நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கைவிட இது பல மடங்கு அதிகம். மறு ஆண்டு 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், 10 முதல் 19 வயதுள்ள பெண்களிடையே இவ்விகிதம் 148, அதே வயது ஆண்களிடையே 58.

இந்த எண்கள் காவல்நிலையப் பதிவுகளில் கிடைத்திருக்க மாட்டா. துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அழுகை ஓய்ந்த பிறகு, என்ன நடந்தது என்று கேட்க உரிமையுள்ள ஒருவருக்கே குடும்பம் அதைச் சொல்லும். அந்த உரிமை, முன்பு அதே வீட்டில் பிரசவத்துக்கும் குழந்தையின் காய்ச்சலுக்கும் வந்து நின்றதால் கிடைத்தது. திண்டிவனத்தில் மூன்று பெண்களின் சாவுக்கும் காரணமாயிருந்த மூடிய வாசல், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு உள்ளேயிருந்தே திறந்தது.

மரபின் குறைகள்

தொண்டு என்ற சொல் இருபுறமும் கூரானது. அது செவிலியருக்கு மதிப்பைத் தந்தது. கூடவே, தொண்டு செய்பவள் ஊதியம் கேட்கலாமா என்ற மனப்பான்மையையும் வளர்த்தது. இன்றும் குறைந்த சம்பளத்துக்கு நீண்ட நேரம் உழைக்கும் செவிலியரை 'தேவதைகள்' என்று புகழ்வதோடு சமூகம் கடமையை முடித்துக்கொள்கிறது. வரலாற்று எழுத்திலும் இதே குறை. ஐடா ஸ்கடருக்கு வாழ்க்கை வரலாறுகள் உண்டு. சலோமியும் முதல் அணி மாணவியரும் அவருடைய கதையில் துணைப்பாத்திரங்களாகவே வந்து போகிறார்கள்.

முடிவுரை

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் பல்லாண்டுகளாக வீடுவீடாகச் சென்று வருகிறார். மருத்துவம் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது இன்று எந்த மதத்துக்கும் உரிய கொள்கை அல்ல, அரசின் கடமை. நம்பிக்கை வழி வந்த செவிலியத்தின் ஆகப்பெரிய வெற்றி இதுவே என்பது இவ்வாய்வின் முடிவு. தன் வழிமுறையைப் பொதுவாக்கிவிட்டு, உரிமை கொண்டாடாமல் அது கலந்துவிட்டது.

அந்த வழிமுறையை ஏற்ற அரசும் சமூகமும் அதைச் சுமக்கும் பெண்களுக்கு நிரந்தரப் பணியும் உரிய ஊதியமும் தருவதுதான் முறை. ஆய்வாளர்களுக்கும் ஒரு கடன் மிச்சமிருக்கிறது. ஊர்தோறும் பிறப்பையும் இறப்பையும் எழுதிவைத்த குறிப்பேடுகளிலிருந்து நோய்களைப் பற்றி நிறையவே கற்றுவிட்டோம். எழுதியவர்களைத் தேடிப்போய் அவர்கள் வாயால் அந்த வரலாற்றைக் கேட்டுப் பதிய வேண்டும். முதல் தலைமுறை மறைந்துவிட்டது. அடுத்த தலைமுறையாவது நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.