மூல அறுவையும் வெந்நீர்த் தொட்டியும்

மூலநோய்க்கு அறுவை செய்துகொண்டவர் பெரிதும் அஞ்சுவது கத்தியை அன்று. அதன்பின் வரும் முதல் மலங்கழிப்பையே. ஆசனவாயின் கீழ்ப்பகுதியில் வலியுணரும் நரம்புகள் செறிந்துள்ளன. புண் பட்டதும் அங்குள்ள சுருக்குத் தசை இறுகி வேதனையைப் பெருக்குகிறது. 1937-இல் இலண்டனில் மில்லிகனும் மார்கனும் வகுத்த அறுவை முறை புகழ்பெற்றது, வலிக்கும் பேர்போனது.

சுசுருதர் இத்துன்பத்தை நன்கறிந்தவர் என்றே நான் எண்ணுகிறேன். மூலத்தில் காரம் இட்டபின் நோயாளியை வெந்நீரில் அமர்த்துமாறு அவர் நூல் விதிக்கிறது. 1905-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரில் வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையை நிறுவியபோது, அந்நூல் மரபுக்குச் சென்னையில் ஓர் இல்லம் வாய்த்தது. இன்று மேனாட்டு மருத்துவரும் வெந்நீர்த் தொட்டியையே சொல்கிறார். சூட்டில் தசை தளர்கிறது.

அபினி வழிவந்த மருந்துகள் வலியைத் தணிக்கும். ஆனால் மலத்தைக் கட்டிவிடும்! ஆகவே அவற்றை அளந்து கொடுத்து, கீரையும் நீரும் மிகுதியாக உட்கொள்ளச் சொல்கிறார்கள்.