உடம்பின் சிக்கனம்

பட்டினி கிடந்தால் உடம்பு இளைக்கும் என்பதை அறியச் சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் இளைக்கிற உடம்பு உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்பதை அறிய, 36 வாலிபர்கள் மனமுவந்து பட்டினி கிடக்க வேண்டியிருந்தது.

1944-ம் வருஷம். யுத்தம் இன்னும் ஓயவில்லை. ஐரோப்பாவில் ஜனங்கள் பசியால் வாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எப்படிச் சோறிட்டு உயிரூட்டுவது? அமெரிக்காவில், மின்னஸோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன்ஸெல் கீஸ் என்ற விஞ்ஞானி இதை ஆராயப் புறப்பட்டார். மனச்சாட்சி இடம் கொடாததால் துப்பாக்கி ஏந்த மறுத்த வாலிபர்கள், அவருக்குத் தங்கள் தேகத்தையே கொடுக்க முன்வந்தார்கள். சர்வகலாசாலையின் விளையாட்டரங்கத்துக்கு அடியிலிருந்த அறைகளில் பரிசோதனை நடந்தது.

முதல் மூன்று மாதம் தினம் சுமார் 3,200 கலோரிச் சாப்பாடு. 1945 பிப்ரவரி முதல் 24 வாரங்களுக்கு அதில் பாதிதான், சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், கறுப்பு ரொட்டி, மாக்கரோனி. தினம் இரண்டே வேளை. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். இன்று எடை குறைக்க விரும்புகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பட்டியல்களில் இதைவிடக் கஞ்சத்தனமானவையும் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

வரும்படி பாதியானால் கெட்டிக்காரக் குடும்பத் தலைவி என்ன செய்வாள்? செலவைச் சுருக்குவாள். உடம்பும் அதையே செய்தது. நிமிஷத்துக்கு 55 தடவை துடித்த நாடி 35-க்கு இறங்கிற்று. கோடையிலும் குளிரெடுத்தது. சும்மா கிடக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைந்தது. உடம்பே சிறுத்துவிட்டது அதற்கு ஒரு காரணம். மிஞ்சிய உடம்பும் சிக்கனம் பிடித்தது மற்றொரு காரணம். அதனால்தான் ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கிய எடை, கடைசி வாரங்களில் நகரவே தயங்கிற்று.

ஆனாலும் எடை குறையாமல் போகவில்லை. எல்லாருமாகச் சராசரி கால் பங்கு எடையை இழந்தார்கள். உடம்பு செலவைக் குறைக்குமே தவிர, இல்லாத வரவை உண்டாக்காது.

மனம் கொடுத்த விலைதான் பெரிது. அவர்கள் சமையல் புஸ்தகங்களை நாவல் போல் படித்தார்கள். தட்டை வழித்து நக்கினார்கள். சிநேகிதம், காதல், படிப்பு எல்லாம் கசந்துபோயின. மறுபடி சாப்பாடு கிடைத்த பின்னும் பலருக்குப் பசி அடங்கவில்லை. வயிறு நிறைந்தும் தின்றுகொண்டே இருந்தார்கள். சதை திரும்புவதற்கு முன்பே கொழுப்பு திரும்பிவிட்டது.

அழகுக்காகக் குறைக்கிறோமா, பஞ்சத்தால் குறைகிறதா என்று உடம்பு விசாரிப்பதில்லை. சோறு குறைந்தது என்பது ஒன்றே அதற்குத் தெரியும். ஆகவே இளைக்க விரும்புகிறவர்கள் மெள்ளக் குறைக்கட்டும். உடம்பைப் பயமுறுத்தினால், அது அந்தப் பயத்தைச் சுலபத்தில் மறப்பதில்லை.