இழிசொல்லைக் கைவிட்ட நகைச்சுவையாளர்

நகைச்சுவையாளர் ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் நடித்த படங்களை எண்ணுவதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். மேடையில் தனித்து நின்று சிரிக்கவைத்து, பின்னர் ஹொலிவூட் நட்சத்திரமாக உயர்ந்த கறுப்பின அமெரிக்கர் றிச்சர்ட் பிரையரை அவ்வாறு அளந்துவிட முடியாது என்பதே எனது அபிப்பிராயம்.

1940 டிசம்பர் 1 ஆம் திகதி இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் பிறந்த அவர், பாட்டியார் நடத்திய விபசார விடுதியில் வளர்ந்தவர். தாயாரும் அங்கேயே தொழில் செய்தார். 14 வயதில் பாடசாலையிலிருந்து வெளியேற்றப்பட்ட பிரையர், இராணுவத்தில் சிலகாலம் பணியாற்றிய பின்னர் 1963 இல் நியூயோர்க் சென்றார். அங்கு அவர் பின்பற்றியது பில் கொஸ்பியின் பாணியை. எவரது மனதையும் நோகடிக்காத அந்த நகைச்சுவை பணத்தைத் தந்தது, நிம்மதியைத் தரவில்லை. 1967 இல் லாஸ் வேகாஸின் அலாடின் ஹோட்டலில் நிகழ்ச்சியின் நடுவே மேடையைவிட்டு வெளியேறினார்.

அதன் பின்னரே, தான் வளர்ந்த தெருக்களின் குடிகாரர்களையும் சூதாடிகளையும் அவர்களது மொழியிலேயே மேடைக்குக் கொண்டுவந்தார். கறுப்பினத்தவர்கள் பொலிஸாரிடம் அனுபவித்த கொடுமைகளும் அவரது நகைச்சுவையில் இடம்பிடித்தன.

1974 இல் வெளியான 'பிளேஸிங் சடில்ஸ்' படத்தின் திரைக்கதையாசிரியர்களில் ஒருவராக இருந்தபோதிலும், அதில் கதாநாயகனாக நடிக்க ஸ்ரூடியோ அவரை அனுமதிக்கவில்லை. ஆனால், ஜீன் வைல்டருடன் இணைந்து நடித்த 'சில்வர் ஸ்ட்ரீக்' (1976), சிட்னி பொய்ட்டியர் இயக்கிய 'ஸ்டேர் கிரேஸி' (1980) ஆகியவை பெருவெற்றி பெற்றன. அதே 1980 இல் போதையில் தனக்குத்தானே தீயிட்டு மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். அந்தத் துயரத்தையும் 1982 இல் மேடையில் நகைச்சுவையாக்கினார்.

கறுப்பினத்தவர்களை இழிவுபடுத்தும் சொல்லைத் தானே தாராளமாகப் பயன்படுத்திவந்தவர் பிரையர். 1979 இல் கென்யாவுக்குச் சென்று, கறுப்பின மக்கள் தமது நாட்டைத் தாமே ஆளுவதைக் கண்டபின் அச்சொல்லைக் கைவிட்டார். கரகோஷத்தைப் பெற்றுத்தந்த ஒரு சொல்லைத் துறப்பது கலைஞனுக்கு இலகுவானதல்ல. இழிசொற்களால் அழைக்கப்பட்ட எந்தவொரு சமூகத்துக்கும் அதன் பெறுமதி விளங்கும்.

1986 இல் நரம்புமண்டலத்தைத் தாக்கும் கொடிய நோய்க்கு ஆளான அவர், 1998 இல் மார்க் ட்வெய்ன் நகைச்சுவை விருதைப் பெற்ற முதலாமவரானார். 2005 டிசம்பர் 10 ஆம் திகதி காலமானார்.